எக்ஸ்ரேயில் ஒண்டும் இல்லையாம்!

நோவுக்கு வைத்தியம் செய்வது லேசு. நோவு இருக்கிறதென்று நம்ப வைப்பதுதான் என் தொழிலில் அரைவாசி வேலை. எண்பதுகளில், கிழக்கிலங்கையில், கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில், பெண்கள் பகுதிக்குப் பிசியோதெரபி மிஸ்ஸாக இருந்தேன். ஆயுதம் என்று இருந்தது இந்த விரல்களும், ஆளைப் படுக்க வைக்க ஒரு மர வாங்கும்தான். கழுத்துப் பிடித்து, இடுப்புப் பிடித்து, அதற்கு மேலே "சும்மா சாட்டுச் சொல்றாய்" என்று வீட்டாரிடம் பேச்சும் வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி என் வாய் நொந்ததுதான் மிச்சம்.

வெள்ளைச் சட்டை

பாலமுனையிலிருந்து ஒருத்தி இடுப்பு நோவோடு வந்தா. குப்புறப் படுக்க வைத்து, முதுகெலும்பின் இரண்டு பக்கமும் விரலை ஓட்டினேன். எங்கள் வேலையில் அதுதான் முதல் பாடம், கையால் பார்க்கப் பழக வேண்டும். ஒரு பக்கம் சதை மெத்தென்று கிடந்தது. மறுபக்கம் விறகுக் கட்டை மாதிரி இறுகி, தோலும் சூடாயிருந்தது. அந்த இடத்தில் அமத்தியதும் துள்ளி எழும்பினா. இடத்தைப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோசம்.

"எப்ப ஊசி போடுவீங்க?" என்றா. ஊசி இல்லை என்றேன். "அப்ப குளிசை?" அதுவும் இல்லை, மாத்திரை விழுங்கி ஆகாது, அமத்தித்தான் இளக்க வேணும் என்றேன். முகம் கறுத்துப் போச்சு. முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வாசல்வரை போனவ, திரும்பி நின்று கேட்டா: "ஊசியும் இல்ல, குளிசையும் இல்ல. பின்ன என்னத்துக்கு மகளே இந்த வெள்ளச் சட்ட?"

தகரக் கூரை

வீரமுனையிலிருந்து வந்த பெண்ணுக்கு முழங்காலில் நோவு. வயலில் புல்லுப் பிடுங்குகிறவ. நடக்கவிட்டுப் பார்த்தேன். இடுப்பு ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிக் கிடந்தது. இடுப்பு செய்த பிழைக்கு முழங்கால், பாவம், அடி வாங்கிக்கொண்டிருந்தது. நான் இடுப்பில் கை வைத்தேன். வந்ததே கோபம்! "நோகிறது கால். நீங்க எங்க புடிக்கிறீங்க?"

பொறுமையாக விளங்கப்படுத்தினேன். உடம்பு ஒரே வீடு. கூரையில் ஓர் இடத்தில் ஓட்டை இருக்கும், தண்ணி கூரைக் கைமரத்து வழியே ஓடி வேறெங்கோ போய்ச் சொட்டும். சொட்டுகிற இடத்தை அடைத்து என்ன பயன்? தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டா. அப்பாடா, ஒரு ஆளுக்காவது விளங்கிவிட்டது என்று நான் நிமிர, அவ சொன்னா: "எங்கட வீடு தகரம், மிஸ். ஓட்டைக்கு நேராத்தான் ஒழுகும்."

இடப் பக்க ஸலாம்

இந்த இரண்டையும் சிரித்து மறந்துவிடலாம். சபியாவின் கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பத்திக்கொண்டு வரும். மருதமுனையில் தறி நெய்கிறவள். கழுத்து நோவு அவளுக்கு, ஆனால் வாயைத் திறந்தது அவளுடைய புருசன் ஹனிபா, அவள் நெய்கிற கைலிச் சாரன்களை விற்கிற வியாபாரி. எக்ஸ்ரே உறையை மேசையில் போட்டார். "படத்தில ஒண்டும் இல்லையாம். இவ நடிக்கிறா மிஸ். பெருநாளைக்குச் சாரன் கேட்டு ஆக்கள் நிக்கிறாங்க. வாற வெள்ளிக்குள்ள இவ தறியில இருக்கல்ல எண்டா, தறியையும் கழட்டிக்கொண்டு நான் என்ட உம்மா ஊட்ட போயிருவன்."

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். கோபித்துக்கொண்டு வெளியே போவது மாப்பிள்ளைதான். தறியோ ஹனிபாவுடையது. அது போனால் அடுப்பும் எரியாது, பிள்ளைகளுக்கு வாப்பாவும் இல்லை. சபியா நிலத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

"தொழுது முடிச்சு ஸலாம் குடுக்கிறாப்போல தலையைத் திருப்புங்க" என்றேன். வலப் பக்கம் சுகமாகத் திரும்பியது. இடப் பக்கம் பாதியில் நின்றது, மிச்சத்துக்கு உடம்பையே திருப்பினாள். வலத் தோள் உயர்ந்திருந்தது, கழுத்துச் சதை கயிறாய் முறுகியிருந்தது. விரல் பட்டதும் கண் கலங்கிவிட்டது. பொழுது முழுக்க வலக் கையால் தறிக் கயிற்றை வெட்டி வெட்டி இழுத்தால் வேறென்ன வரும்?

"மாரியில கதவு இறுகுது. பலகையும் உடையல்ல, பிணைச்சலும் உடையல்ல, ஆனா திறக்க ஏலாது. கதவைப் படம் எடுத்தா அது தெரியுமா?" என்று கேட்டேன். என் குரல் அடுத்த வார்டுக்கும் கேட்டிருக்கும். கழுத்து இளகும்வரை சபியா தறியில் ஏறக்கூடாது, அவ்வளவு அவசரமென்றால் நீங்களே நெய்யுங்கள் என்றும் சொன்னேன். ஹனிபா சிரித்தார். "நெசவென்ன பெரிய வேலையா? குந்தியிருந்து கயித்த இழுக்கிறதானே? நானே செஞ்சி காட்டுறன்!"

படம் சுத்தம்

சபியா ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்தாள். கழுத்து மெல்ல மெல்ல இளகியது. வெள்ளி வந்து போனது. தறி இருந்த இடத்திலேயே இருந்தது, அதில் ஹனிபா இருந்தார். பெருநாள் கிட்டிய ஒருநாள் இரண்டு பேரும் சேர்ந்து வந்தார்கள். இந்தத் தடவை கழுத்து அசையாமல் வந்தது மனிசன்தான். கையில் புது எக்ஸ்ரே உறை.

"படத்தில ஒண்டும் இல்லையாம் மிஸ். ஆனா தாங்க ஏலாது, அல்லாஹ்வுக்காக ஏதும் செய்யுங்க." ஸலாம் குடுக்கச் சொன்னேன். வலப் பக்கம் போனது. இடப் பக்கம் அதே பாதியில், அதே இடத்தில் நின்றது. உம்மா வீட்டுக்குப் போகிற கதை என்னாச்சு என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. ஆண்கள் பகுதிக்குத் துண்டுச் சீட்டு எழுதிக்கொண்டே, கேட்க வேண்டியதை ஒவ்வொன்றாக மனசில் அடுக்கினேன். ஒன்றும் தேவைப்படவில்லை. சபியா கழுத்தை இடப் பக்கம் முழுசாகத் திருப்பி, புருசனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னாள்: "எக்ஸ்ரேயில ஒண்டும் இல்லையே மிஸ். நடிக்கிறார் போல."

அடுத்த ஆளின் நோவைப் படம் பிடிக்கிற மெசின் ஆஸ்பத்திரிக்கு எப்போது வருமோ தெரியாது, அதுவரைக்கும் சில பேரைத் தறியில் இருத்துவதைத் தவிர வேறு வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.