மேல வயலின் வாமடை

பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவி முப்பத்தைந்து நாள் ஆகியிருந்தது. இருபத்தைந்தில் பிடுங்கி நட்டிருக்க வேண்டும். மழை பிந்திவிட்டது. அணையில் தண்ணீர் குறைவு என்று முறை வைத்துத் திறந்தார்கள். எங்கள் வாய்க்காலுக்கு நாலு நாள். அதற்குள் வயல் நனைந்தால் தொழி உழுது சேறாக்கி நடலாம். இல்லையென்றால் நாற்றை மாட்டுக்குப் போட வேண்டியதுதான். என்னிடம் மாடும் இல்லை.

எனக்கு இருப்பது அறுபது சென்ட். வாய்க்காலின் கடைசி. எனக்குக் கீழே பிளாட் கல் நட்டுவிட்டார்கள். எனக்கு நேர் மேலே ஒரு வயல். அதற்கும் மேலே எல்லாம் வாழை. வாழைக்காரர்கள் மோட்டாரில் பாய்ச்சுகிறார்கள், வாய்க்கால் பக்கம் வருவதில்லை. அந்த வரப்பில் நடக்கிற கால் என்னுடையது மட்டும்தான்.

முதல் நாள் விடியற்காலையில் தண்ணீர் வந்தது. என் வயலுக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். மேல வயலின் வாமடை திறந்து கிடந்தது. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் நுழைகிற வாய்தான் வாமடை. அந்த வயல் பள்ளம். வருகிற தண்ணீரெல்லாம் அதற்குள் சரிந்துகொண்டிருந்தது. உள்ளே பயிர் கிடையாது. மூன்று வருடமாகக் கோரைதான்.

வயல்காரர் மகனோடு சென்னையில் இருக்கிறார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நாலு வெட்டு மண் போட்டால் வாமடை அடைந்துவிடும். மண்வெட்டி என் தோளில்தான் இருந்தது. பார்க்கவும் யாரும் இல்லை.

நான் அடைக்கவில்லை.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் மழை பொய்த்த ஒரு காய்ச்சல் வருடம். அவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து இதே வாமடையை அடைத்தேன். அரை மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தவர் பார்த்துவிட்டார். அடுத்தவன் வாமடையில் கை வைப்பது எங்கள் பக்கம் வீடேறித் திருடுவது மாதிரி. அவர் அடிக்கவில்லை, வையவில்லை. நாலு பேரைக் கூட்டினார். இனி அவர் சொல்லாமல் அதை அடைக்கமாட்டேன் என்று வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளிச் சத்தியம் பண்ணினேன். அதோடு அவர் என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார். பக்கத்துப் பக்கத்து வயலில் ஆறு வருடம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலை பார்த்தோம். என் மனைவி இறந்தபோது வந்து மாலை போட்டுவிட்டுப் பேசாமல் போனார். அந்த நாலு பேரில் இரண்டு பேர் இப்போது இல்லை.

அவருடைய மைத்துனர் அம்பாசமுத்திரத்தில் உரக்கடை வைத்திருக்கிறார். பஸ் ஏறிப் போய் நம்பர் வாங்கினேன். பஸ் ஸ்டாண்டில் நின்று போன் போட்டேன், இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. வயலுக்குத் திரும்பி வந்து போட்டேன். மதியம் ஆகிவிட்டது. மருமகள் எடுத்து அவரிடம் கொடுத்தது.

கீழ வயல்காரன் பேசுகிறேன் என்றேன்.

"என்னவே, நான் இருக்கனா போயிட்டனான்னு பாக்கீரா?"

"உங்க வாமடை தெறந்து கெடக்கு அண்ணாச்சி. தண்ணி பூரா உங்க வயலுக்குப் போவுது. அடைக்கட்டா?"

"அன்னைக்குக் கேட்டீரா?"

"கேக்கல. இன்னைக்குக் கேக்கேன்."

"மேல வயலு நெறஞ்சுதான் கீழ வயலு. மொறை தெரியாதா வே?"

"வயலு சும்மால்லா கெடக்கு."

"சும்மா கெடந்தா என் வயலு இல்லன்னு ஆயிருமா? நெறையட்டும். நெறஞ்சதும் சொல்லும். நான் சொன்ன பெறகு அடையும்."

வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. மண்வெட்டியை வரப்பில் குத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். சத்தியம் பண்ணினது நான்தான்.

காய்ந்து வெடித்த நிலம். எவ்வளவு ஊற்றினாலும் குடித்தது. கோரைக்குள் தண்ணீர் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. என் கிணற்றில் அடியில் கொஞ்சம் கிடந்தது. அதைக் குடத்தில் சுமந்து நாற்றுக்கு ஊற்றினேன். நாற்றின் நுனி மஞ்சள் அடிக்க ஆரம்பித்திருந்தது.

சாயங்காலம் அவரே போன் போட்டார். தண்ணீர் எதுவரைக்கும் போயிருக்கிறது என்று கேட்டார். பாதிகூட இல்லை என்றேன். மறுநாள் காலையில் ஏழு மணிக்குக் கேட்டார். பத்து மணிக்குக் கேட்டார். தென்னை நின்ற இடம் தாண்டிவிட்டதா என்றார். அந்தத் தென்னை எப்போதோ விழுந்துவிட்டது. அதன் மட்டை முன்பு எங்கே விழும் என்று எனக்குத் தெரியுமாதலால் இடம் பார்த்துச் சொன்னேன்.

மதியம் கூப்பிட்டபோது, காலையில் நின்ற இடத்திலேயே தண்ணீர் நிற்கிறது என்றேன்.

"கெழக்கு வரப்புல ஆவாரஞ்செடிக்கு அடியில நண்டுப் பொந்து உண்டும். அங்கன பாரும்."

செடி புதராகிவிட்டிருந்தது. விலக்கிப் பார்த்தேன். கை நுழைகிற அளவுக்குப் பொந்து. அது வழியாகத் தண்ணீர் பின்னால் இருக்கிற ஓடைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வரப்பு. களிமண் உருட்டி அடைத்து மிதித்தேன். அடைத்தாயிற்று என்று நானே போன் போட்டுச் சொன்னேன். வாங்கின பிறகு அந்தப் போனில் ஒரே நாளில் அத்தனை தடவை நான் பேசினதில்லை. சாத்தான்குளத்தில் இருக்கிற மகள் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும். சாப்பிட்டாச்சா என்று கேட்கும். சாப்பிட்டாச்சு என்பேன்.

மூன்றாம் நாள் காலையில் வயல் முக்கால்வாசி நிறைந்திருந்தது. வடக்கு மூலை மேடு. அங்கே ஒரு பத்துப் பதினைந்தடி காய்ந்து கிடந்தது. அது நனைய இன்னும் ஒரு பகல் வேண்டும். ஒரு பகல் போனால் எனக்கு மிச்சம் ஒரு நாள். என் வயலும் வெடித்துத்தான் கிடக்கிறது. நாற்றங்காலைப் போய்ப் பார்த்தேன். மஞ்சள் பாதித் தாளுக்கு இறங்கிவிட்டது.

எட்டு மணிக்குப் போன் அடித்தது.

"நெறஞ்சுட்டா வே?"

"நெறஞ்சுட்டு."

"வடக்கு மூலை?"

"அங்கயும் தண்ணி நிக்கி."

"சரி, அடையும்" என்றார்.

நாலு வெட்டு போதவில்லை. ஏழெட்டு வெட்டுப் போட்டு மிதித்தேன். பத்து மணிக்குத் தண்ணீர் என் வாமடைக்கு வந்தது. நாலாம் நாள் சாயங்காலம் வாய்க்காலை அடைக்கும்போது என் வயலில் கணுக்கால் அளவு நின்றது. மறுநாள் டிராக்டர் விட்டுத் தொழி உழுதேன். அதற்கு மறுநாள் ஆழ்வார்குறிச்சிப் பக்கத்திலிருந்து பெண்கள் ஆட்டோவில் வந்து நட்டுக் கொடுத்தார்கள். ஒரு நாற்று வீண் போகவில்லை. அவர்கள் போன பிறகு வரப்பில் இருந்தேன். அன்று காலை எட்டு மணிக்கும் போன் அடிக்கவில்லை, பத்து மணிக்கும் அடிக்கவில்லை. அவர் கேட்பதற்கு ஒன்றும் மிச்சம் இல்லை.

எட்டு நாள் கழித்து அடுத்த முறைத் தண்ணீர் விட்டார்கள். எனக்கு ஒரு நாள் தண்ணீர் போதும். மீதி மூன்று நாள் வீணாகத்தான் போகும். மேல வயலின் வாமடையை வெட்டித் திறந்தேன். வடக்கு மூலை நனைய இரண்டு பகல் பிடித்தது. கோரை மூழ்கினதும் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நெறயல. பொய் சொல்லிட்டேன். இப்பதான் நெறஞ்சிருக்கு."

"தெரியும்வே. அந்த மூலையில முப்பது வருசம் தண்ணி ஏத்தினவன் நான். மூணு நாள்ல ஏறுமா?"

"பெறகு ஏன் அடைக்கச் சொன்னீங்க?"

மூலையில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டார். ஒரு சாண் என்றேன். காற்றடித்தால் அலை அடிக்கிறதா என்றார். அடிக்கிறது என்றேன். அந்தப் பக்கம் குக்கர் சத்தம் கேட்டது. மருமகள் ஏதோ சொன்னது.

"சரி. அடைச்சிரும்" என்றார்.

அடைத்தேன்.