ஆற்றில் போன வீடு

பாரிசின் லா சப்பலில் நான் காசாளராக நிற்கும் பலசரக்குக் கடைக்கு ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள். வட்ட முகம், தலையில் இளநீல முக்காடு. சனிக்கிழமைகளில் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்குகிற சனத்தில் பாதி எங்கள் வாசலில்தான் நிற்கும். அந்த நெரிசலுக்குள் நின்று, "பாண்டான் இலை இருக்கிறதா?" என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"அப்படியொன்றும் இங்கே இல்லை" என்றேன்.

அவள் விடவில்லை. நீளமாக இருக்கும், சோற்றில் போட்டால் வீடெல்லாம் மணக்கும் என்று கையால் அளந்து காட்டினாள். எனக்குப் பிடிபட்டுவிட்டது. குளிர்பெட்டியிலிருந்து ரம்பை இலைக் கட்டு ஒன்றை எடுத்து நீட்டினேன். மூக்கில் வைத்து நன்றாக இழுத்தாள். பின்னால் நின்ற வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் இன்னொரு தரம் இழுத்தாள்.

இந்தோனேசியாவில் கலிமந்தான் பக்கம், ஆற்றங்கரைக் குடியிருப்பொன்றில் பிறந்தவளாம். இங்கே ஓல்னேயில் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. அதன் பிறகு சனிக்கிழமை தோறும் வந்தாள். கடையில் எல்லோரும் என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு அவளும் அக்கா என்றாள். "எங்கள் மொழியில் அக்காவுக்கு கக்கா" என்று சொன்னபோது சிரிப்பை அடக்க முடியாமல் கல்லாவில் சாய்ந்துவிட்டேன். தமிழ்க் குழந்தைகள் எதற்கு அந்தச் சொல்லைச் சொல்லும் என்று விளக்கினேன். பிரெஞ்சுக் குழந்தைகளுக்கும் அது அதே அர்த்தம்தான். பாரிசுக்கு வந்த புதிதில் அவள் பேருந்தில் இருந்துகொண்டு போனில் தமக்கையைக் கூப்பிடும்போதெல்லாம் சனம் திரும்பிப் பார்த்ததாம்.

ஒருநாள் சொன்னாள்: "ஜூலையில் என் அக்கா வீட்டை மாற்றுகிறாள். நான் போகிறேன். நீங்களும் வாருங்கள்."

"வீடு மாறுகிறாளா?"

"வீட்டை மாற்றுகிறாள்."

அவளுடைய பிரெஞ்சும் என்னுடைய பிரெஞ்சும் ஏறத்தாழ ஒரே தரம். ஏதோ வாய் தவறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் இவரிடம் கேட்டேன். "போட்டு வா. கடையும் வீடும் எண்டு எத்தினை காலமா ஓடுறாய்" என்றார். மகள் மட்டும் பிரெஞ்சில், "அம்மா, உங்களுக்கு நீந்தக்கூடத் தெரியாதே" என்றாள்.

"நான் நீந்தப் போகேல்லைப் பிள்ளை. பால்காய்ச்சப் போறன்."

புதுவீட்டுக்குப் போகிறவள் வெறுங்கையோடு போகலாமா? எவர்சில்வர் தட்டுகளும் தம்ளர்களும் வாங்கினேன். எங்கள் வறுத்த மிளகாய்த் தூளில் ஒரு பெரிய பையும் பெட்டிக்குள் வைத்தேன்.

இரண்டு விமானம், ஒரு கார், கடைசியில் படகு. யாழ்ப்பாணத்தில் கிணற்றைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆறென்றால் எனக்குப் புவியியல் பாடத்தில் வந்த ஒன்று. அங்கே அக்கரை தெரியாத அளவுக்குத் தேயிலைச் சாயத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. படகின் விளிம்பை நான் விட்டபாடில்லை.

பெரிய ஆற்றில் ஒரு கிளையாறு வந்து சேரும் இடத்தில் அந்தக் குடியிருப்பு இருந்தது. கரையோர வீடுகள் மரக்கால்களில் நின்றன. மற்றவை பெரிய மரக்கட்டைகள் மேல் மிதந்தன. எல்லா வீட்டுக்கும் வாசல் ஆற்றைப் பார்த்துத்தான். தெரு என்றால் அதுதான். காலையில் பெண்கள் குடையளவு ஓலைத் தொப்பிகளைப் போட்டுக்கொண்டு, சிறிய வள்ளங்களில் கீரையும் வாழைப்பழமும் கொண்டுவந்து வாசலில் நிறுத்துவார்கள். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு படகில் பள்ளிக்கூடம் போவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் பக்கத்தில், குளிக்கவும் உடுப்புத் தோய்க்கவும் இடுப்பளவு மறைப்போடு ஒரு சின்ன மரமேடை மிதக்கும். சோறு வடிக்கிற நேரத்தில் ஆற்றின் மேல் ரம்பை மணக்கும்.

தோழியின் அக்கா வீடு மட்டும் தனியே, பெரிய ஆற்றின் வளைவில் மிதந்தது. கணவர் மீன்பிடிக்கிறவர். அவள் வள்ளத்தில் பலகாரம் விற்பவள். என் கையைப் பிடித்து உள்ளே ஏற்றினாள். சுளகளவு சிரிப்பு. நான் கொண்டுபோன தட்டை விரலால் தட்டிப் பார்த்து அந்தச் சத்தத்தில் மகிழ்ந்துபோனாள். நிலக்கரி ஏற்றிய பாரிய தெப்பங்கள் அந்த வழியால் போகும்போது எழும்பும் அலையில், அவளிடம் இருந்த கண்ணாடிப் பாத்திரமெல்லாம் உடைந்துவிட்டதாம். அதனால்தான் கிளையாற்றுக்குள் போகிறார்களாம்.

"புது வீடு எங்கே?" என்று தோழியைக் கேட்டேன்.

"இதுதான்."

"அப்போ பழைய வீடு?"

"அதுவும் இதுதான்."

வீட்டைத்தான் மாற்றுகிறார்கள்! நான் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் அத்தானும் எட்டிப் பார்த்தார்.

அன்று பின்னேரம் அக்கா தங்கை மூலமாகக் கேட்டாள்: நீங்கள் வீடு மாறியிருக்கிறீர்களா? சண்டைக்காலத்தில் பல தரம் மாறினோம் என்றேன். வீட்டைக் கொண்டுபோகவில்லையா என்றாள். "எங்களுடையது கல்வீடு, அது நகராது. நாங்கள் மட்டும் போனோம்" என்றேன். அவள் பொரித்த வாழைப்பழத்தை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

மறுநாள் கடல் நீர் ஏறி, ஆறு உள்நோக்கி ஓடத் தொடங்கும் நேரம் பார்த்துக் கயிறுகளை அவிழ்த்தார்கள். முன்னால் மூன்று எஞ்சின் படகுகள் இழுத்தன. அயலவர்கள் நீண்ட கம்புகளோடு சுற்றிவர நின்றார்கள். தோழி முதற்படகில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். போய்ச் சேர்ந்ததும் எல்லோருக்கும் சாப்பாடு போடவேண்டும் என்பதால் அக்காவும் நானும் குசினியில். அவள் சோறு, நான் மீன் குழம்பு. தூளைப் போட்டுக் கிளறியபடி நிமிர்ந்தால், சன்னலில் தென்னைகளும் பள்ளிவாசலின் தகரக் கூம்பும் மெல்ல நடந்துபோயின.

திடீரென்று அக்கா வெளியே பார்த்துக் கத்தினாள்: "கபால்!"

எவரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. கப்பல்! நிலக்கரித் தெப்பம் ஒன்றை இழுத்துக்கொண்டு எங்களைக் கடந்து போனது. முதல் அலையில் வீடு நிமிர்ந்தது, அடுத்ததில் சரிந்தது. சட்டி அடுப்பை விட்டு வழுக்கியது. நான் சீலைத் தலைப்பால் அதைப் பிடித்தேன். அக்கா என் இடுப்பைப் பிடித்தாள். ஒரு காலைத் தூணில் கொழுவிக்கொண்டு இருவரும் அலை அடங்கும்வரை அப்படியே நின்றோம். குழம்பு சிந்தவில்லை. பயந்திருக்க வேண்டியவள், விழுந்து விழுந்து சிரித்தேன்.

கிளையாற்று வாயில் இன்னொரு கூத்து. வீடு வளைந்து திரும்பும்போது அதன் பின்மூலை எதிலோ இடித்தது. கம்புக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டார்கள். ஓடிப்போய்ப் பார்த்தேன். யாரோ ஒருவருடைய குளியல் மேடை எங்கள் மூலையில் சிக்கி, கட்டறுந்து எங்களோடு வந்துகொண்டிருந்தது. மேடைக்குள் அதன் சொந்தக்காரர், இடுப்பில் சாரம், தலை நிறையச் சவர்க்கார நுரை. கையில் வாளியை வைத்துக்கொண்டு ஊர்வலத்தில் போகிற மாப்பிள்ளை மாதிரி நின்றார். கரையிலிருந்து அவருடைய மனைவி ஏதோ சொல்ல, முழு ஆறும் சிரித்தது.

"என்ன சொல்றா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். தோழி ஊகித்துக்கொண்டு பிரெஞ்சில் கத்தினாள்: "வரும்போது மீன் வாங்கிக்கொண்டு வரட்டாம்!"

அவரை விடுவிக்க நின்றால் நீரோட்டம் போய்விடும். ஆகவே அவரையும் சேர்த்தே இழுத்தார்கள். அவரும் வேறு வழியில்லாமல் தலையை அலசிக் குளியலை முடித்தார்.

மாமரத்தடியில், அக்காவின் தாய் வீட்டுக்குப் பக்கத்தில் வீட்டைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். கம்பு பிடித்தவர்கள் வாசலில் வட்டமாக உட்கார்ந்தார்கள். முதல் தட்டு அந்தக் குளித்த மனிதருக்கு. ஒரு கவளம் வாயில் வைத்தார். கண் கலங்கியது. மூக்கு ஓடியது. "பெடாஸ்!" என்றார். உறைப்பாம். பிறகு தட்டை நீட்டி இன்னும் கேட்டார். மற்றவர்களும் கேட்டார்கள். சட்டியை வழித்து முடித்தபோது எனக்கும் அக்காவுக்கும் வெறும் சோறுதான் மிஞ்சியது. ஆளுக்கொரு கருவாட்டுத் துண்டைச் சுட்டுக்கொண்டு, புது வாசலில் காலைத் தண்ணீருக்குள் தொங்கவிட்டபடி சாப்பிட்டோம்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் தோழி வீடியோவில் தமக்கையைக் கூப்பிட்டு, போனை என்னிடம் தருவாள். சென்ற கிழமை அக்கா ஒரு முறைப்பாடு வைத்தாள். இடம் நல்ல அமைதிதானாம். ஆனால் பக்கத்து வீட்டுச் சேவல் விடியுமுன்னே தொண்டையைத் திறக்கிறதாம். இன்னும் நாலு வீடு தள்ளிப் போகலாமா என்று அத்தானைக் கேட்டிருக்கிறாளாம்.