வலது இறக்கை தூக்காத புறா

ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்குப் புள்ளிக்காரி என்று பெயர். ஆபீஸ் தாளில் நீட்டு வாக்கில் வேறு ஏதோ பதவிப் பெயர் போட்டிருந்தார்கள். அது அவள் வாயிலும் நுழையவில்லை, அடுத்தவர் வாயிலும் நுழையவில்லை.

வேலை இதுதான். கட்டிடத்துக்குப் பின்னால் ஆள் நிமிர்ந்து நடமாடுகிற உயரத்தில் ஒரு புறாக்கூண்டு. நாலு மூலையிலும் கேமரா. எடுத்த படங்கள் ஒவ்வொன்றாக அவள் திரைக்கு வரும். அலகு நுனியில் ஒரு புள்ளி, கண்ணில் ஒன்று, கழுத்தில், இறக்கை மூட்டில், வாலில் என்று வைத்துக்கொண்டே போகவேண்டும். அவள் வைத்ததைப் பார்த்துப் பார்த்து மெஷின் பழகிக்கொள்ளும். பிறகு எந்தப் புறா எப்படி நிற்கிறது, எது நொண்டுகிறது, எது இறக்கையைத் தொங்கப் போடுகிறது என்று அதுவே சொல்லும்.

"நாம நொண்டினா வீட்ல யாராவது கண்டுக்கிறாங்களா?" என்பாள் பக்கத்து நாற்காலிக்காரி. "அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா இந்தக் கூண்டுலதான்டி பொறக்கணும்."

கூண்டில் தீனி போடுகிறவர் வேறு யாருமில்லை, புள்ளிக்காரியின் புருஷன்தான். வீட்டில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசினால் காசு கேட்பார்களோ என்பது போல இருப்பார். கூண்டுக்குள் நுழைந்தாலோ வாய் ஓயாது. தீனி டப்பாவோடு அவர் கையைத் தூக்கினால் போதும், புறாக்கள் மொய்த்துவிடும். கேமராவுக்குக் காது கிடையாதே! படத்தில் அவர் வாய் அசைவதை மட்டும் பார்த்து அவள் எரிச்சல்படுவாள்.

ஒருநாள் மேடம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். ஆராய்ச்சியின் தலைவி அவள்தான்.

"ஒரு புறா வலது இறக்கையத் தூக்கவே மாட்டேங்குதுன்னு மெஷின் சொல்லுது. தீனி நேரத்துல மட்டும் தெரியுது. வாராவாரம் மோசமாயிட்டே போகுது."

தீனிக்காரர் புறாக்களை ஒவ்வொன்றாகப் பிடித்து இறக்கையை விரித்துப் பார்த்தார். எல்லாம் பழுதில்லாமல் இருந்தன. ஆனால் சந்தேகம் என்று ஒன்று கிளம்பிவிட்டால் சும்மா இருக்குமா? பறவைகளை முரட்டுத்தனமாகப் பிடிக்கிறாரோ என்று கேன்டீனில் பேச்சு. அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புருஷன் மேல் பழி விழுந்தால் பெண்டாட்டி சும்மா இருப்பாளா? புள்ளிக்காரி அந்தத் தீனி நேரத்துப் படங்களைத் தோண்டி எடுத்தாள். மெஷின் தானாக வைத்த புள்ளிகள் எல்லாம் அதில் இருந்தன. பார்த்தவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அலகு இருக்க வேண்டிய இடத்தில் அவள் புருஷனின் மூக்கு. வால் இருக்க வேண்டிய இடத்தில் அவருடைய இடுப்பு. இறக்கை மூட்டு, அவர் போட்டிருந்த சாம்பல் நிறச் சட்டையின் முழங்கையில்.

அவள் செய்த வேலைதான். மறைந்திருக்கிற உறுப்புக்கும் குத்துமதிப்பாகப் புள்ளி வை என்பது அங்கே சட்டம். புறாக்கள் அவர் கைக்குப் பின்னால் முண்டும். மறைந்த இறக்கைகளுக்கு அவள் அவர் சட்டைக்கை மேலேயே புள்ளி வைத்துத் தள்ளியிருந்தாள். சாம்பல் நிறத்தில் மேலே எழும்புவதெல்லாம் இறக்கை என்று மெஷின் கற்றுக்கொண்டது.

பக்கத்து நாற்காலிக்காரியைக் கூப்பிட வாயெடுத்தவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள். பழைய படங்களில் தீனி டப்பா அவர் தலைக்கு மேல் நின்றது. அப்புறம் காதுவரை. அப்புறம் மார்புவரை. போன வாரத்துப் படங்களில் டப்பா இடது கைக்கே மாறியிருந்தது.

மெஷின் ஆளைத்தான் தப்பாகச் சொன்னது. இறக்கையைச் சரியாகச் சொல்லியிருந்தது.

இப்போது அவள் கையில் ரெண்டு வழி. அந்தப் புள்ளிகளைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டால் மெஷின் வாயை மூடும், பழியும் போகும், அவர் பாட்டுக்குப் புறாக்களோடு இருப்பார். மேடத்திடம் சொன்னால், கை தூக்க முடியாதவரைக் கூண்டில் வைத்திருக்க மாட்டார்கள்.

நேரே கூண்டுக்குப் போனாள்.

"என்னங்க, கையத் தூக்குங்க."

"எதுக்கு? துப்பாக்கி கொண்டாந்திருக்கியா?" இடது கை எழுந்தது.

"அந்தக் கை இல்ல."

"இதுவும் என் கைதான்."

"மழுப்பாதீங்க."

வலது கை மார்புவரை வந்து நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு, புறா எதையோ செய்வதைப் பார்ப்பது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சுளுக்கும்மா. போயிடும்."

"எத்தன மாசமா போயிட்டே இருக்கு? பக்கத்துல படுக்கிறவளுக்குத் தெரியல, மெஷினுக்குத் தெரியுது."

"மேடம்கிட்ட சொல்லிடாத. கேட்டுல ஸ்டூல் போட்டு உக்கார வச்சிடுவாங்க. அங்க நான் யார்கிட்ட பேசுறது?"

அவள் கிட்டே போனாள். அந்தக் கையை மெல்லத் தொட்டாள். அவர் துள்ளிப் பின்வாங்கிய வேகத்தில் புறாக்கள் எல்லாம் எழும்பின. அதற்குமேல் அவளுக்கு யோசிக்க ஒன்றுமில்லை.

அந்தப் புறா யார் என்று அவள் போய்ச் சொன்னதும் மேடம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் புள்ளிக்காரி ஏன் சிரிக்கவில்லை என்று பார்த்து நிறுத்திக்கொண்டாள். எலும்பு டாக்டரிடம் அனுப்பினார்கள். தோளுக்குள் தசைநார் கிழிந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் கை உபயோகப்பட்டிருக்காது என்றார் டாக்டர். இனிமேல் சரியானாலும் மூட்டை தூக்குவது, டப்பா தூக்குவது கிடையாதாம். கேட்டில் ஸ்டூல் போட்டார்கள்.

அவர் அவளோடு பேச்சை நிறுத்தினார். ஏற்கெனவே பேசாத மனுஷன் கோபத்தில் பேசவில்லை என்று அவள் எப்படித்தான் கண்டுபிடித்தாளோ!

கூண்டுக்குப் புது ஆள் வந்தார். அவள் பழைய படங்களை எடுத்து, புருஷனின் சட்டைக்கை மேல் வைத்த புள்ளிகளை அழித்தாள். படத்துக்குப் படம் அவர் கை வெறும் கையாகிக்கொண்டே வந்தது. புதுப் படங்களில் அந்தத் தொல்லையே இல்லை. புது ஆள் ஒரு மூலையில் தனியாக நின்றார், புறாக்கள் எதிர் மூலையில் நின்றன.

"இப்ப படமெல்லாம் எவ்ளோ சுத்தமா இருக்கு பாரேன்," என்றாள் மேடம் சந்தோஷமாக.

"ஆமா மேடம். ரொம்ப சுத்தம்."

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் தோளில் வெந்நீர்ப் பையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"புது ஆள் எப்படி?" என்று சுவரிடம் கேட்டார்.

"தீனி நேரத்துக்குப் போடுறாரு."

"கையில வந்து உக்காருதா?"

உட்காருகிறது என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தாள்.

"இல்ல. கிட்டயே போக மாட்டேங்குது."

அவர் முகத்தில் ஒரு சின்னச் சந்தோஷம் வந்ததை அவள் பார்க்கத்தான் செய்தாள். அது கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போயிற்று. வெந்நீர்ப் பையை நகர்த்தி வைத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினார்.

"சத்தம் போடாம நிக்கிறாரு போல. அதான் பயப்படுது. எதையாவது பேசிக்கிட்டே போடச் சொல்லு. என்ன பேசினாலும் பரவால்ல."