அவள் என்னை அப்பா என்று அழைத்த மாதங்கள்

என் கணவர் நெஞ்சுவலியில் இறந்தபோது மகளுக்கு இரண்டு வயது முடிந்திருக்கவில்லை. அப்போதே அவளுக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீருக்கும் 'ஆ' என்பாள், பூனைக்கும் 'ஆ' என்பாள். சாவு வீட்டில் அதை யாரும் கவனிக்கவில்லை. நானும் அதன் பிறகு எதையும் கவனிக்கவில்லை. சமைத்தேன், பள்ளிக்கூடம் போய் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தினேன், வந்து துணி துவைத்தேன். குழம்பில் உப்பு இல்லை என்பது வேறு யாராவது சொன்னால்தான் எனக்குத் தெரியும்.

மூன்று வயது தாண்டியும் 'ஆ' மட்டுமே என்றபோது காது டாக்டரிடம் காட்டினேன். காதில் குறை ஒன்றுமில்லை, பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போங்கள் என்றார். நாகல் நகரில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த மாடியறைக்குப் போனோம். பயிற்சி தருகிறவள் ஒட்டன்சத்திரம் பக்கத்துப் பெண், என்னைவிட இளையவள். மகளைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் குனிந்து, உதடுகளை மூடித் திறந்து காட்டினாள். மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுடைய தாடை மேலும் கீழும் போய் வந்தது. உதடு சேரவில்லை.

"சாப்பிடுறப்ப நல்லாத்தானே வாயை மூடுறா?" என்றேன்.

"ஆமாங்க்கா. உதட்டுல பலமெல்லாம் இருக்குதுங்க. பேசறதுக்குன்னு மூடோணும்னா, எதை முதல்ல அசைக்கிறது, எதை அப்புறம் அசைக்கிறதுன்னு அவளுக்குப் பிடிபடலீங்க. குழந்தைகளுக்கு மொதல்ல தாடை வசப்படும், அப்புறம் உதடு, நாக்கு கடைசியிலதானுங்க. இவ தாடையிலயே நின்னுட்டா."

அகரத்தில் இருக்கும் என் கணவரின் அக்கா பலூனும் விசிலும் வாங்கிக் கொடுத்திருந்தார். அவரை நான் மதினி என்று கூப்பிடுவேன். ஊதி ஊதிப் பழகினால் பேச்சு வரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். அதைப் பற்றிக் கேட்டதற்கு அந்தப் பெண் சிரித்தாள்.

"ஊதினா ஊதத்தானுங்க்கா வரும். பேச்சு வரோணும்னா பேசித்தான் பழகோணும்."

பள்ளி விட்டதும் ஆட்டோவில் போவோம். மகள் 'ஆ' என்று இழுக்கும்போது அந்தப் பெண் இரண்டு விரல்களால் அவள் உதடுகளை மெல்லச் சேர்த்துப் பிடித்து, பிறகு விடுவாள். வீட்டில் அதையே நான் செய்தேன், மற்ற வேலைகளைச் செய்வது போல. நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

என் கணவரின் இரண்டாம் ஆண்டு நினைவுத் திருப்பலி அகரம் சர்ச்சில் நடந்தது. முடிந்து மதினி வீட்டில் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். நான் சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டிருந்தேன். மகளுக்கு அன்று கடுமையான சளி, மூக்கு அடைத்துக் கிடந்தது. என் சேலையைப் பிடித்து இழுத்தாள். உதடுகளை இறுக்கிச் சேர்த்து, "அப்பா" என்றாள்.

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. மதினிதான் முதலில் அழுதார்.

"ஏத்தா, கேட்டியா? பிள்ளை அவ அப்பனைத் தேடுதே! வாயத் தொறந்து சொன்ன மொத வார்த்தை இதுவா வரணும்!"

"இல்ல மதினி, என்னையத்தான் கூப்பிடுறா. தண்ணி கேக்குறா."

யாரும் நம்பவில்லை. எல்லோரும் அழுதார்கள். யாரோ என் கையிலிருந்து வாளியை வாங்கிக்கொண்டார்கள். நான் அழாமல் நிற்பதை அவர்கள் பார்ப்பது தெரிந்தது. உதடு சேர்ந்துவிட்டது என்பது மட்டும்தான் என் மனதில் இருந்தது.

அடுத்த முறை போனபோது அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்கு உடனே விளங்கியது.

"அம்மான்னுதானுங்க்கா சொல்லப் பாத்திருக்கா. ரெண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் மூடும். மூக்கு வழியா காத்துப் போனா 'ம', போகலைன்னா 'ப'. அன்னைக்கு மூக்கு அடைச்சிருந்துச்சுல்லங்க?"

சளி விட்ட பிறகும் 'அப்பா' மாறவில்லை. மேலண்ணத்தின் பின்பக்கம் கதவு போல இறங்கினால்தான் காற்று மூக்குக்குப் போகுமாம். அவள் வாய் அந்தக் கதவை மூடியே பழகிக்கொண்டுவிட்டது. காய்கறிக் கடையில், பள்ளி வாசலில், எங்கும் நான் அப்பாதான். நானும் "என்ன?" என்று திரும்புவேன். ஒருமுறை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அம்மாள் அவளிடம் குனிந்து, "அப்பா வேலைக்குப் போயிருக்காரா பாப்பா?" என்று கேட்டாள்.

"ஆமா," என்று நான் சொன்னேன்.

பிறகு 'ம' பயிற்சி தொடங்கியது. நான் வாயை மூடி 'ம்ம்ம்' என்று முனக வேண்டும். அவள் என் மூக்கின்மேல் விரலை வைத்து அந்த அதிர்வைத் தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு தன் மூக்கில் விரலை வைத்துக்கொண்டு முனக வேண்டும். தினமும் எதிரெதிரே உட்கார்ந்து முனகினோம். மாதங்கள் போயின.

ஒரு சாயங்காலம் வெஞ்சனத்துக்கு அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்று, "அம்ம்... மா," என்றாள். நடுவில் ஒரு இடைவெளி விட்டு, இரண்டு துண்டாக.

"என்ன?" என்றேன்.

அவரைக்காயைக் காட்டினாள். ஒன்றை எடுத்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டு போனாள். நான் மீதியை அரிந்து முடித்தேன். அடுப்பில் வைத்த பிறகு மதினிக்குப் போன் செய்தேன். அவர் மாதாவுக்கு நன்றி சொன்னார். பிறகு, "அப்ப இனி அப்பான்னு கூப்பிட மாட்டாளா?" என்று கேட்டார்.

"மாட்டா மதினி."

"அதுவும் போச்சா," என்றார்.

போனை வைத்துவிட்டு அடுப்படியில் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். இந்த வீட்டில் அந்தச் சொல்லைச் சொல்ல இனி யாரும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அழுகை வருமென்று காத்திருந்தேன். பொரியல் அடிப்பிடிக்கிற வாசனை வந்தது, எழுந்து போய்க் கிளறினேன். சில நாட்கள் அவள் வாயில் அப்பாவும் அம்மாவும் மாறி மாறி வந்தன. பிறகு அப்பா குறைந்து, நின்றுபோனது.

இப்போது யூகேஜி படிக்கிறாள். நாக்கு நுனி இன்னும் முழுதாக வசப்படவில்லை, ரயில் இன்னும் 'யயில்'தான். போன வாரம் அவள் வகுப்பு மிஸ் என்னைக் கூப்பிட்டு, "இம்புட்டு வாய் பேசுறாளே, கொஞ்சம் சொல்லி வைங்க," என்றார். சரி, சொல்லி வைக்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை.