கூட்டிச் சொன்ன மணி

காரைக்கால் கல்லூரி ஆய்வகத்தில் மைக்ரோவேவ் அலைகளை எழுப்பும் என் ஆஸிலேட்டர் ஒரே அதிர்வெண்ணில் நிற்காமல் படுத்தியபோது, பிரான்சிலிருந்து விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த பொறியாளர் ஒருவர் உதவினார். நரைத்த தாடி, ரப்பர் செருப்பு. கைக்கடிகாரத்தில் மட்டும் எப்போதும் பிரான்ஸ் நேரம். மணி கேட்டால் நம் நேரத்துக்குக் கூட்டிச் சொல்வார்.

வேறொரு கருவியிலிருந்து அதற்குள் மெல்லிய சிக்னல் ஒன்றைச் செலுத்தினார். திரையில் அலைந்த கோடு அதோடு சேர்ந்து அசையாமல் நின்றது.

"இத்தனூண்டு சிக்னலுக்கா சார் அடங்குது?"

"ரெண்டோட ஃப்ரீக்வென்சியும் கிட்டத்துல இருந்தா போதுங்க. ரொம்ப வெலகிட்டா கேக்காது."

அவர் கிளம்பும் நாளில் பேருந்து நிலையத்தில் மணி கேட்டேன். கூட்டாமலே சொன்னார். கடிகாரத்தில் நம் நேரம்.

"அங்க போறப்ப இந்த நேரமா சார்?"

"போற ஊரு நேரம் செவுத்துலயே இருக்கும். விட்டுட்டுப் போற ஊருதாங்க கையில வேணும்."

இப்போதும் அங்கே யாராவது மணி கேட்டால், முதலில் காரைக்காலைப் பார்த்துவிட்டுத்தான் கழித்துச் சொல்வார்.