பாட்டில் 'நீங்கள்' இல்லை

அக்காவின் ஜெர்மன் படிப்பைக் கெடுத்தது நான்தான். வீட்டில் யாரும் இதுவரை அப்படிச் சொன்னதில்லை. ஆகவே நானே சொல்லிவிடுகிறேன்.

பகாவ் நகருக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அப்பா வேலையாட்களைக் கண்காணிக்கும் மண்டோராக இருந்தார். எனக்குப் பத்து வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. ஜெர்மனியில் தாதியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிறார்கள், மொழி தெரிந்தால் போதும் என்று யாரோ சொல்ல, அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். மொழி வகுப்புக்குக் கோலாலம்பூர் போகவேண்டும். வயசுப் பெண்ணை அவ்வளவு தூரம் அனுப்ப அப்பா ஒப்பவில்லை. கைபேசியில் ஜெர்மன் காதல் பாட்டுகள் வேண்டிய மட்டும் கிடைத்தன. அவற்றை வைத்தே படித்துவிடுவதென்று அவள் முடிவுசெய்தாள்.

ஒவ்வொரு வரியையும் நிறுத்தி நிறுத்திக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி, கீழே பொருள் எழுதுவாள். நான் நோட்டைப் பிடித்துக்கொண்டு ஒப்புவிக்கச் சொல்லவேண்டும். 'மிஷ்' என்றால் என்னை, 'மீர்' என்றால் எனக்கு, 'டூ' என்றால் நீ. ஜெர்மனில் கரண்டி ஆணாம், முள்கரண்டி பெண்ணாம், பெண்பிள்ளை அஃறிணையாம். அதற்கு இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"சில இடத்துல நம்மள மாதிரியே வினைச்சொல்லக் கடைசில கொண்டுபோய் வைக்கிறாங்க. சுலபம்தான் லா" என்பாள். பாத்திரம் கழுவும்போதும் பாடுவாள். எனக்கும் எல்லாம் மனப்பாடமாகிவிட்டது.

லோபாக்கில் ஏஜெண்டு அம்மா ஒருவரின் அலுவலகத்தில், கணினித் திரை வழியாக நேர்காணல். துணைக்கு என்னை அனுப்பினார்கள். திரையில் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்கார அம்மாவும் பக்கத்தில் ஓர் ஆளும் இருந்தார்கள். பெயர், ஊர் எல்லாம் அக்கா சரியாகவே சொன்னாள். பிறகு அந்த அம்மா என்னவோ நீளமாகக் கேட்டார். வயதான நோயாளி மருந்து சாப்பிட மறுத்தால் என்ன சொல்வாய் என்பது கேள்வி என்று ஏஜெண்டு அம்மா பிறகு சொன்னார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்து சொன்ன பதில் எனக்கு அப்போதே புரிந்தது.

"நீ என்னோடு இரு. என்னைத் தனியே விடாதே. நீ இல்லாமல் எனக்குத் தூக்கமில்லை."

அந்த ஆள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அந்த அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"பெரியவங்கள 'டூ'ன்னு சொல்லக்கூடாதும்மா, 'ஸீ'ன்னு சொல்லணும். மூணு மாசத்துல இன்னொரு தடவ பாக்கலாம். பாட்ட விட்டுட்டுப் பேச்சப் பழகு" என்றார் ஏஜெண்டு அம்மா. காதல் பாட்டில் யார் யாரை நீங்கள் என்கிறார்கள்? தோட்டக் கணக்கெழுதும் கிராணியின் பொடியன் மகனைக்கூட 'தம்பி, நீங்க' என்று கூப்பிடும் அக்காவுக்கு இப்படி ஒரு கெட்ட பெயர்.

பஸ் ஏறுமுன் எனக்குக் கறிபாப் வாங்கித் தந்தாள். "வீட்டுல நான் பக்குவமா சொல்லிக்கிறேன். நீ வாயத் திறக்காத, சரியா?" என்றாள். வாய் நிறைய வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

சொன்னபடி பக்குவமாகத்தான் சொன்னாள். "மூணு மாசம் கழிச்சு இன்னொரு தடவ வரச் சொல்லியிருக்காங்கப்பா." சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். அப்பாவும் "சரி, போய்ட்டு வா" என்றார். அத்தோடு முடிந்திருக்கும்.

எனக்கு அடக்க முடியவில்லை. தலையில் வெள்ளைத் துண்டைக் கட்டிக்கொண்டு வெள்ளைக்கார அம்மாவாகக் கேள்வி கேட்டேன். துண்டை எடுத்துவிட்டு, அக்காவாகக் கண்ணைச் சொருகிக்கொண்டு ஜெர்மனில் பதில் சொல்லி, தமிழிலும் சொன்னேன். அந்த ஆள் சிரித்ததையும் விடவில்லை. சித்தப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். சிரித்துச் சிரித்து அப்பாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தார்.

"கண்டவன் சிரிக்கவா பொம்பளப் புள்ளய அனுப்புறது? போதும் இந்தக் கூத்து. கையுறை ஃபேக்டரில ஆள் எடுக்குறாங்க, அங்க போ."

அக்கா ஃபேக்டரியில் சேர்ந்தாள். அந்த நோட்டை அப்புறம் நான் பார்க்கவேயில்லை.

அதன் பிறகு உறவுக்காரர் யார் வந்தாலும் என்னை அதைச் செய்துகாட்டச் சொல்வார்கள். வேலைவிட்டு வந்த அக்கா, சீருடையைக்கூட மாற்றாமல் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எல்லோரோடும் சேர்ந்து சிரிப்பாள். அவளுக்கும் அது பிடித்திருக்கிறது என்று நினைத்து, அவள் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்தே செய்துகாட்டினேன்.