ஸ்பீக்கரில் வந்த ‘வாடா’

அன்று என் மகள் திரும்பிப் பார்த்தது சத்தத்துக்கா, சொல்லுக்கா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

அவளுக்கு ஒன்றரை வயது கடந்துவிட்டது. ஒரு சொல்லும் பேசுவதில்லை. பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. காது கேட்கவில்லையோ என்ற பயத்தில், வேண்டுமென்றே சட்டி மூடியைக் கீழே போட்டுப் பார்ப்பேன். சில நேரம் திடுக்கிடுவாள். சில நேரம் இல்லை.

நான் வளர்ந்தது இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில். சண்டை முடிந்து கடல் கடந்து ஊர் திரும்பிய பின்தான் தோட்டவெளியில் கலியாணம் செய்தேன். முகாமில் பெண்பிள்ளையையும் ‘டா’ போட்டுத்தான் கொஞ்சுவோம். மகளையும் அப்படியே கூப்பிட்டேன். அவளுக்கு ஒரு வயது வந்தபோது கணவரின் தாய் கேட்டுவிட்டார்.

“என்ன பிள்ளை, பொம்பிளைப்பிள்ளையைப் போய் வாடா எண்டுறீர்? பள்ளிக்கூடத்தில இந்தியாக்காரி எண்டு பகிடி பண்ணுவினம். வாங்கோ எண்டு கூப்பிட்டுப் பழகும்.”

மாமி சொன்னதில் பிழை தெரியவில்லை. அன்றிலிருந்து “இஞ்ச வாங்கோ” என்றுதான் கூப்பிடுகிறேன். ஒவ்வொரு முறையும் பாடம் ஒப்புவிப்பது போல இருக்கும்.

கணவர் பேசாலையிலிருந்து மீன் ஏற்ற ஒரு பழைய பிக்கப் வைத்திருக்கிறார். அதன் கதவு ஸ்பீக்கர்கள் உப்புக்காற்றில் பழுதாகி, பாட்டா செய்தியா என்று தெரியாமல் கரகரக்கும். போன மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்ததும், ரவுணில் வாங்கிய புதுச் சோடியை மாட்டத் தொடங்கினார். கதவின் உள்மட்டையைக் கழற்றி, பழைய ஸ்பீக்கரை வெளியே எடுத்தபோது அதன் கூம்புக் கடதாசி அவர் கையிலேயே உதிர்ந்தது.

“பிள்ளையைப் பிடியும். ஆணியை வாயில வைக்கப் போறாள்.”

கழற்றிய ஸ்குரூ ஆணிகளை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மகளின் வாய்க்குள் விரலை விட்டுத் தேடினேன்.

“அது என்ர கையில கிடக்குதப்பா,” என்றார்.

வயர்களைக் கொழுவி, எல்லாவற்றையும் பூட்டி, மகளை முன் சீற்றில் இருத்தி வானொலியைப் போட்டார். கடலுக்கு அப்பாலுள்ள இந்திய வானொலிதான் எங்கள் பக்கம் தெளிவாக எடுக்கும். ஏதோ விளம்பரம். ஒரு பெண்குரல், “செல்லம், இங்க வாடா” என்றது. மகள் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள். ஸ்பீக்கர் மேல் கையை வைத்தாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

“பாத்தீரே, புதுச் சாமான். செவிடனுக்கும் கேக்கும்,” என்றார் அவர். சொன்ன பிறகுதான் என் முகத்தைக் கண்டு, ஸ்பானர் சாவிகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

மாமி கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, மகளின் பின்னால் நின்று மெதுவாக “இங்க வாடா” என்றேன். திரும்பினாள். மறுபடி சொன்னேன். திரும்பவில்லை. “இஞ்ச வாங்கோ” என்றேன். அதற்கும் இல்லை. ஒருமுறை திரும்பியதை வைத்து எதை நம்புவது?

வருகிற கிழமை ஆசுபத்திரியில் காது சோதிக்க நாள் தந்திருக்கிறார்கள். பின்னால் நின்று கூப்பிட்டும் பார்ப்பார்களாம். “வாடா என்று கூப்பிடுங்கோ” என்று நான் கேட்கலாமா? சிரிப்பார்களா? கேட்காமல் விட்டு, இல்லாத குறையை எழுதிவிட்டால்? கேட்டு, இருக்கிற குறையை நானே மறைத்துவிட்டால்? முகாமிலிருந்து திரும்பி வந்து பிள்ளை வளர்ப்பவர்கள் இதை வாசித்தால், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று தயவுசெய்து எழுதுங்கள். மாமியின் மனம் நோகாத வழியாக இருந்தால் இன்னும் நல்லது.